இறங்கிப்போன காங்கிரீட் தளத்தை எடுத்து நிறுத்துதல்



பணியின் நிமித்தம் நாம் சென்றிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயத்து ஐந்தடியின் ஒரு பகுதி நான்கு விரற்கடை அளவு கீழே இறங்கியிருந்தது. பகலில் அதனை எல்லாரும் அறிந்து தாண்டிச் சென்றனர். ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் மரம் சீவப் புறப்பட்ட அம்மையார் ஒருவர், இருட்டில் அந்த விளிம்பில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். சீவுளி பிடிக்கும் கை அது. மூன்று மாதம் அவர் வேலைக்குச் செல்ல இயலவில்லை.

அதன்பின் தோட்ட நிருவாகம் விரைந்து செயற்பட்டது. பழைய தளத்தை உடைத்து அள்ளி, ஆற்றோரத்தில் கொட்டிவிட்டுப் புதிய காங்கிரீட் ஊற்றினார்கள். நல்ல கனமான தளந்தான். ஆயினும் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் இறங்கத் தொடங்கிவிட்டது! சிமெண்டும் போயிற்று, பணமும் போயிற்று. குழி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இஃது ஏன் நேர்ந்தது? உடைக்காமலே அத்தளத்தைச் சரிசெய்திருக்க முடியுமா? முடியும் என்பதே நம் விடை. அதனை இப்பாடத்தில் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்திற்கொள்ள வேண்டும். தரைமேல் ஊற்றிய காங்கிரீட் தளம் தானாக இறங்குவதில்லை. அதன் கீழுள்ள மண் விலகுகிறது. தாங்குவார் இன்றித் தளமும் பின்தொடர்கிறது. ஆகவே, தளத்தைப் பழுது பார்ப்பது என்பது உண்மையில் மண்ணைப் பழுது பார்ப்பதே ஆகும். மேற்குறித்த தோட்டத்தில் நோய் இருந்தது மண்ணில். மருந்து போட்டது காங்கிரீட்டுக்கு.

மண் எவ்வாறு விலகுகிறது? நம் நாட்டில் முதற் குற்றவாளி மழைநீர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஒரு வீட்டின் கூரையில் ஐந்தடிப் பக்கம் சாயும் பகுதி 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 18 சதுர மீட்டர். ஒரு மாலை இடிமழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 900 லிட்டர் நீர் விழுகிறது. கூரை விளிம்பில் பீலி இல்லாவிட்டால், அவ்வளவு நீரும் தகரத்தின் ஓரத்திலிருந்து ஒரே கோட்டில், ஆள் உயரத்துக்கும் மேலிருந்து, தளத்தின் விளிம்பை ஒட்டியே விழும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நாட்டில், இந்தக் கோட்டின் கீழுள்ள மண் எத்தனை ஆண்டு நிற்கும்? முதலில் சிறு பள்ளம், பிறகு விளிம்பின் அடியில் பொந்து, அதன்பின் தளம் தலை சாய்த்துவிடும்.

இரண்டாவது காரணம் தோட்டங்களுக்கே உரியது. பழைய மரங்களை வெட்டிய நிலத்தில் லயம் கட்டும்போது, அடிமரங்களையும் பெரு வேர்களையும் முற்றாகத் தோண்டியெடுக்காமல் மண்ணால் மூடிவிடுவது உண்டு. ரப்பர்க் கட்டை மண்ணுக்குள் எவ்வளவு விரைவில் உளுத்துப் பொடியாகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கட்டை இருந்த இடம் வெற்றிடமாகிறது. இத்தகைய இடங்களில் தளம் ஓரத்தில் சாயாமல், நடுவில் தட்டுப்போல் குழிந்து விரிசல் விடும்.

கசியும் நீர்க்குழாய், உடைந்த கால்வாய், சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தாத நிரப்பு மண் ஆகியவையும் காரணங்களே. சிலாங்கூர், ஜொகூர் மாநிலங்களின் மேற்குக் கரையோரத்தில் ‘தானா காம்புட்’ என்று மலாயில் வழங்கும் கரிச்சதுப்பு மண் உண்டு. நீரை வடித்துவிட்டால் அம்மண் ஆண்டுதோறும் தானே தாழ்ந்துகொண்டு போகும். அங்கே எந்தத் தளத்தை எப்படித் தூக்கி நிறுத்தினாலும் அது மீண்டும் இறங்கும். அத்தகைய இடங்களில் கனத்த காங்கிரீட்டைத் தவிர்த்து, எளிதில் எடுத்து மீண்டும் பதிக்கக்கூடிய சிறு கற்களைப் பாவுவதே அறிவுடைமை.

இனி, உடைத்து ஊற்றுவதை நாம் ஏன் கடைசி வழியாகக் கொள்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

சிமெண்டு சுண்ணாம்புக்கல்லிலிருந்து செய்யப்படுகிறது. கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். அதற்கு எரியும் நிலக்கரி புகை விடுவது ஒருபுறமிருக்க, கல்லே கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் எஞ்சும்; 44 கிலோ கரியமிலவாயுவாகக் காற்றில் கலந்துவிடும். உலகில் மனிதர் செயலால் வெளிப்படும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. புவி வெப்பம் கூடுவதற்கும் பருவமழை தடுமாறுவதற்கும் இவ்வாயு ஒரு காரணம். மழை தடுமாறினால் சீவும் நாள் குறைகிறது. சீவும் நாள் குறைந்தால் யாருடைய கூலி குறைகிறது என்பது நீங்கள் அறிந்ததே.

3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். காங்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,400 கிலோ எடையுள்ளது. ஆகவே இத்தளத்தின் எடை 864 கிலோ. உடைத்தால் அவ்வளவும் குப்பை. புதிதாக ஊற்றச் சிமெண்டு மட்டும் ஏறத்தாழ 108 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டுக்கு மேல் வேண்டும். அந்தச் சிமெண்டைச் செய்ததில் வெளிப்பட்ட கரியமிலவாயு ஏறத்தாழ 80 கிலோ இருக்கலாம். நான்கு விரற்கடை இறங்கியது என்பதற்காகத் திடமான ஒரு பொருளை வீசியெறிவது, கால் சற்றே தேய்ந்த மேசையை விறகாக்குவதற்கு ஒப்பாகும்.

சரி, தளம் உயர்த்தத் தக்கதா என்பதை எவ்வாறு அறிவது? ஒரு சிறு சுத்தியலால் தளத்தை அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். கீழே மண் இருக்குமிடத்தில் ஓசை கெட்டியாக இருக்கும். வெற்றிடம் இருக்குமிடத்தில் முற்றிய தேங்காயைத் தட்டுவதுபோல் கணீரென்று ஒலிக்கும். வெற்றிடத்தின் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் கோடு போட்டுத் தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், மண் இன்னும் நகர்கிறது என்று பொருள். அந்நிலையில் தளத்தைத் தொடாதீர்கள். முதலில் நகர்வை நிறுத்த வேண்டும். தளம் நான்கைந்து துண்டாக நொறுங்கியிருந்தாலும், உள்ளிருக்கும் கம்பி துருவேறிக் காங்கிரீட்டைப் பிளந்திருந்தாலும் உயர்த்துவதில் பயனில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதனை மற்ற எல்லாவற்றையும்விட வலியுறுத்திக் கூறுகிறோம். இறங்கியிருப்பது மலக்குழியின் மூடியாக இருந்தால், அதன்மேல் ஏறவோ, கடப்பாரையால் நெம்பவோ, உள்ளே எட்டிப் பார்க்கவோ கூடாது. உள்ளிருக்கும் நச்சுவாயு ஒருவரைச் சில நொடிகளில் மயங்கி விழச் செய்யும்; அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் இப்படி ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்த நிகழ்ச்சிகள் உண்டு. குழந்தைகள் அண்டாதபடி சுற்றிக் கயிறு கட்டிவிட்டு அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். வீட்டுச் சுவரோடு சேர்த்து விரிசல் ஓடியிருந்தாலும், கீழே மின்கம்பி போகிறதென்ற ஐயம் இருந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் நீரை வழிமாற்ற வேண்டும். கூரைக்குப் பீலி போட இயலுமானால் அதுவே சிறந்தது. இயலாவிடில், நீர் விழும் கோட்டில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஆழமற்ற பள்ளம் வெட்டி, உடைந்த காங்கிரீட், செங்கல் துண்டு, சரளைக்கல் ஆகியவற்றை இட்டு நிரப்புங்கள். மழைத்துளி கல்லில் மோதி வலுவிழக்கும், மண் அரிக்காது. முன்பு எங்கோ உடைத்துப் போட்ட பழைய தளத்துக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது. சரிவான இடமாயின் கீழ்ப்புறத்தில் ஒரு வரிசை வெட்டிவேர் நடலாம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டர் ஆழம்கூடச் செல்லும். 1990ஆம் ஆண்டையொட்டி மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலேயே இப்புல்லைப்பற்றி ஆய்வுகள் நடைபெற்றன. சிமெண்டுச் சுவர் செய்யும் வேலையை ஒரு புல் செய்கிறதென்றால் நாம் ஏன் மறுக்க வேண்டும்?

இப்பொழுது தூக்கும் முறைக்கு வருவோம்.

நடைபாதைக் கற்கள், கால்வாய் மூடிகள் போன்ற சிறு பாளங்களை நாமே கையால் எடுத்து நிறுத்தலாம். 90 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 7.5 சென்டிமீட்டர் கனம் உள்ள பாளம் ஏறத்தாழ 97 கிலோ இருக்கும். ஆனால் ஒரு விளிம்பை மட்டும் உயர்த்தும்போது பாதி எடை மறு விளிம்பில் தங்கிவிடுவதால், நாம் தூக்க வேண்டியது 48 கிலோதான். ஒன்றரை மீட்டர்க் கடப்பாரையின் நுனியைப் பாளத்தின் கீழே செலுத்தி, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு கல்லைத் தாங்கலாக வைத்தால், கைப்பக்கம் 135 சென்டிமீட்டர் ஆகிறது. அஃதாவது ஒன்பது மடங்கு. ஐந்தரைக் கிலோ அழுத்தமே போதும்! பள்ளியில் நெம்புகோல் என்று படித்தது இதுவே.

தூக்குமுன் விளிம்பின் ஓரத்து மண்ணைச் சிறிது விலக்கி, நீண்ட குச்சியால் உள்ளே துழாவிப் பாருங்கள். பொந்தில் பாம்பு இருக்கக்கூடும். வெறுங்கையை ஒருபோதும் நுழைக்கலாகாது. ஒருவர் நெம்ப, மற்றவர் மரத்துண்டை விளிம்பின் கீழே தள்ள வேண்டும். சிறிது உயர்த்தித் துண்டு வைத்து, பிறகு மேலும் சிறிது உயர்த்தித் துண்டு வைத்து, படிப்படியாகச் செல்க. கடப்பாரையை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டியவர்கள் விரல் இழந்திருக்கிறார்கள்.

நிரப்புவதற்கு ஏற்ற பொருள் கல்லுடைக்கும் ஆலையில் கிடைக்கும் கற்பொடி. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்திருப்பதால், அவ்வட்டாரத்தில் இது எளிதில் கிடைக்கும். கல் உடைக்கும்போது எஞ்சுவது ஆதலால், இதற்காகத் தனியே எதையும் சுடவோ தோண்டவோ வேண்டியதில்லை. கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, இரண்டு அங்குலப் படலமாக இட்டு, திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, அதன்மேல் அடுத்த படலத்தை இடுங்கள். தோட்டத்து மேல்மண்ணை இடாதீர்கள். அதில் சருகும் சல்லிவேரும் இருக்கும். அவை மக்கினால் பள்ளம் திரும்பவும் விழும். ஆற்றுமணலை அள்ளிவருவதும் கூடாது. அஃது ஆற்றின் கரையைக் கெடுக்கும். மேலும் உருண்டையான மணல், ஓடும் நீரில் எளிதில் வெளியேறிவிடும். கற்பொடியின் கூரிய விளிம்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

பாளத்தை இறக்கியதும் மட்டம் பார்க்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பத்து மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, இரு முனைகளையும் இரு இடங்களில் பிடித்தால், நீர் இரண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டிலிருந்து வெளிப்புறமாக ஐம்பதுக்கு ஒன்று சரிவு இருக்கட்டும். 1.2 மீட்டர் அகலத்துக்கு 24 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அங்குலம். இச்சரிவு இல்லாவிடில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். இறங்கிய தளத்துக்கும் டிங்கிக் காய்ச்சலுக்கும் உள்ள உறவு இதுவே.

ஐந்தடி போன்ற பெரிய தளத்தைக் கடப்பாரையால் தூக்க முயலக் கூடாது. ஒரு முனையில் நெம்பினால் நடுவில் முறிந்துவிடும். அதற்கு உரியது கூழ் செலுத்தும் முறை. 1930ஆம் ஆண்டுகளிலேயே அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இதனைக் கையாண்டிருக்கிறார்கள். தளத்தில் ஒன்று முதல் இரண்டு அங்குல அகலமுள்ள துளைகளை ஒன்றரை மீட்டருக்குள் ஒன்றாக இட்டு, மண்ணோ கற்பொடியோ சிறிதளவு சிமெண்டும் நீரும் கலந்த கூழைப் பம்பு வழியாகக் கீழே செலுத்துவார்கள். கூழ் முதலில் வெற்றிடத்தை நிரப்பும். நிரம்பியபின் தளத்தையே மெல்லத் தூக்கும்.

864 கிலோ தளத்தைக் கூழ் தூக்குமா என்று நீங்கள் வியக்கலாம். மீண்டும் கணக்கைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர்க் கனமுள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்கு 240 கிலோ. ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர் உண்டு. ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மேலும் 24 கிராம் எடைதான் அமர்ந்திருக்கிறது. ஒரு காரின் டயரில் உள்ள காற்று ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தம் உடையது. அதில் எண்பதில் ஒரு பங்கு போதும், தளம் எழுந்துவிடும். கூழைக் குழாயின் வழியே தள்ளுவதற்குத்தான் கூடுதல் விசை வேண்டும். இதே காரணத்தால், அவசரப்பட்டு ஒரே துளையில் மிகுதியாகச் செலுத்தினால் தளம் வெடித்துவிடும். துளைக்குத் துளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். பழக்கமும் பம்பும் உடைய ஒப்பந்தக்காரரின் வேலை இது. ஆயினும் அருகில் நின்று கவனிக்கும் தொழிலாளி, இது தெரிந்திருந்தால், தவறு நடக்கும்போது தடுத்துச் சொல்லலாம்.

நாம் எடுத்துக்கொண்ட அதே தளம் ஒரு பக்கம் 8 சென்டிமீட்டர் இறங்கி, மறுபக்கம் அப்படியே இருந்தால், நிரப்ப வேண்டியது 144 லிட்டர் கூழ். சிமெண்டு ஒரு பங்கு, கற்பொடி பத்துப் பங்கு என்று கலந்தால் வேண்டிய சிமெண்டு ஏறத்தாழ 20 கிலோ. உடைத்து ஊற்றினால் 108 கிலோ என்று முன்னர்க் கண்டோம். அந்த 20 கிலோவையும் சாம்பல் கலந்த சிமெண்டாக வாங்கினால் இன்னும் நல்லது. மஞ்சோங், தஞ்சோங் பின் போன்ற நிலக்கரி மின்நிலையங்களில் எஞ்சும் நுண்சாம்பலைச் சிமெண்டுடன் கலக்கிறார்கள். அது சற்று மெதுவாக இறுகும். தளத்தின் அடியில் அதனால் தீங்கில்லை. அடுப்புச் சாம்பலும் இதுவும் ஒன்றென்று எண்ணி யாரும் விறகுச் சாம்பலைக் கலந்துவிட வேண்டாம்!

இந்நாளில் ‘நுரை’ முறை ஒன்றும் விளம்பரப்படுத்தப்படுகிறது. பாலியூரித்தேன் என்னும் இரு திரவங்களை அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட துளை வழியே செலுத்த, அவை கலந்து நுரைத்துத் தளத்தைத் தூக்கும். வேலை விரைவில் முடியும், துளை சிறிது, எடையும் மிகக் குறைவு. பஞ்சுபோன்ற மண்ணில் இவ்விலேசான எடை ஒரு நன்மையே. ஆனால் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் சொல்வதை நாம் முழுதாக ஏற்பதற்கில்லை. இது பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது, மண்ணில் மக்காது, பின்னர்த் தளத்தை உடைத்தால் அதனோடு ஒட்டிக்கொண்டு, காங்கிரீட்டையும் மறுபயனுக்கு ஆகாததாக்கும். இறுகுமுன் அதன் ஆவி ஈளை நோயை உண்டாக்க வல்லது. எஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு எரித்தால் நச்சுப்புகை கிளம்பும். உங்கள் லயத்தில் இவ்வேலை நடந்தால், அன்று குழந்தைகளையும் இரைப்பு உள்ளவர்களையும் அப்பால் இருக்கச் செய்யுங்கள். கற்பொடி கிடைக்குமிடத்தில் கற்பொடியையே நாம் பரிந்துரைப்போம்.

எம்முறையாயினும் காங்கிரீட்டில் துளையிடும்போது நீர் தெளித்துக்கொண்டே செய்ய வேண்டும். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. சிமெண்டுக் கூழ் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், கையுறை அணிக. வாளியைச் சுங்கையில் கழுவ வேண்டாம், மீன்கள் மடியும். கழுவிய நீரை ஒரு குழியில் ஊற்றி வண்டலை இறுகவிட்டு எடுத்துவிடலாம்.

செலவு யாருடையது? 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கிறது. தோட்டக் குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பது அதன் விதி. 2019இல் திருத்தப்பட்ட இச்சட்டம் 2020 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆகவே, தளம் இறங்கியதைக் கண்டால் வாய்ச்சொல்லோடு நில்லாமல், இடம், அளவு, கண்ட தேதி ஆகியவற்றை எழுதி அலுவலகத்தில் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். நாள் கடந்தும் ஒன்றும் நடவாவிட்டால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். பக்கத்து வீட்டில் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த தொழிலாளி குடியிருந்தால், அவர் வீட்டு வாசலையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள். எழுதத் தெரியாத மொழியில் அவர் குறை சொல்ல முடியாது.

நாம் தொடக்கத்தில் கூறிய தோட்டத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. இரண்டாவது தளத்தை அவர்கள் உடைக்கவில்லை. கூரைக்குப் பீலி வைத்து, முதல் தளத்தின் உடைசல்களை ஆற்றோரத்திலிருந்து திரும்ப அள்ளிவந்து ஓரப் பள்ளத்தில் இட்டு, கற்பொடிக் கூழ் செலுத்தித் தளத்தை எடுத்து நிறுத்தியிருந்தார்கள். விளிம்பில் வெள்ளைச் சாயம் ஒரு கோடு பூசப்பட்டிருந்தது. கை தேறிய அம்மையார், நாம் கேட்காமலே, தம் வீட்டுச் சுத்தியலை எடுத்துவந்து தளத்தைத் தட்டிக் காட்டினார். ஓசை கெட்டியாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் இலேசாகக் கணீரென்றது; அங்கே அவர் தேதியிட்டு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.